மேலே பாட்டுப் போட்டுட்டாங்க!

பாண்டிச்சேரிக்குப் போயிருப்பீர்கள். கடற்கரை, காந்தி சிலை, ஆசிரமம், அப்புறம்... வேண்டாம், குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை. நான் சொல்லப்போகிற ஊர் அந்தப் பாண்டிச்சேரியில் இல்லை. வில்லியனூரைத் தாண்டி உள்ளே போகவேண்டும். செல்லிப்பட்டு. கரும்பு, நெல், சங்கராபரணி ஆறு, ஆற்றின் குறுக்கே பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் படுகை அணை. ஆற்றின் பெயரைக் கவனியுங்கள். பெயரிலேயே ஒரு ராகத்தை வைத்துக்கொண்டு ஓடுகிற ஆறு. (ஓடுகிற வருஷங்களில்.)

என்னோடு பி.காம். படித்த நண்பனின் சொந்த ஊர் அது. அவனுடைய பெரியப்பா நாதஸ்வரக்காரர். சுற்றுவட்டாரக் கோயில், கல்யாணம், காதுகுத்து என்று ஐம்பது வருஷம் வாசித்தவர். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. "திதிக்கு நீயும் வாடா" என்று கூப்பிட்டிருந்தான். அவன் காரிலேயே போனோம்.

போகிற வழியில் நான் ஒரு இசைத்தட்டு போட்டேன். (இசைத்தட்டு என்று சொல்வது பழக்க தோஷம். போன்தான்.) சக்தி குழுவின் 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்'. அந்தக் குழு தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாட 2023ல் இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றி வாசித்தபோது மேடையிலேயே பதிவு செய்து, 2025ல் வெளியிட்ட ஆல்பம். கிடார் ஜான் மெக்லாக்லின், தபேலா ஜாகிர் உசேன், பாட்டு சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிரா செல்வகணேஷ்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நண்பன் ஆரம்பித்தான்.

"கிடார் யாருடா?"

"மெக்லாக்லின்."

"என்ன வயசு?"

"இதை வாசிக்கும்போது எண்பத்தொண்ணு."

"ஏன்டா, இந்த வயசுல இன்னும் எதுக்கு மேடை? பேரு வாங்கியாச்சு, காசு பாத்தாச்சு, வீட்டுல உக்கார வேண்டியதுதானே? பழைய ரெக்கார்டுதான் இருக்கே, அதைக் கேட்டுக்கறோம்."

வண்டியை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டுகிறவனோடு சண்டை போடக் கூடாது. அதனால் அங்கே போடாத சண்டையை இங்கே உங்களோடு போடுகிறேன். ஏனென்றால் இது அவன் ஒருத்தன் கருத்து இல்லை. உங்களில் பாதிப்பேர் இதைத்தான் நினைக்கிறீர்கள். டி.வி.யில் ஒரு வயதான பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகத் தடுமாறினால் "பாவம், நிறுத்திக்கலாம்" என்று உச்சுக்கொட்டி விட்டுச் சானலை மாற்றுகிறவர்கள்தானே நாம்?

உங்கள் பக்கம் இருக்கிற நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். வயதான ராக் குழுக்களின் மேடைப் பதிவுகளில் நிறைய குப்பை இருக்கிறது. 1970களில் 'ப்ரோக்ரஸிவ் ராக்' என்று ஒரு வகை இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தது. (நம் ஊரில் முற்போக்கு என்றால் சிவப்புத் துண்டு. அங்கே முற்போக்கு என்றால் ஒரு பாட்டு இருபது நிமிஷம்.) அந்தக் குழுக்கள் பல, ஆளுக்கு ஆள் கோர்ட்டுக்குப் போய், பெயரை யார் வைத்துக்கொள்வது என்று அடித்துக்கொண்டு, பழைய ஆட்களில் ஒருவரோ இருவரோ மிஞ்ச, அதே நாலு பாட்டை அதே மாதிரி வாசித்து வருஷத்துக்கு ஒரு மேடைப் பதிவு விற்கின்றன. வாசலில் டி-ஷர்ட், உள்ளே ஞாபகம். அது வியாபாரம். நான் வணிகவியல் படித்தவன், வியாபாரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்து இதை எடை போடாதீர்கள்.

சக்தி எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மெக்லாக்லின் 1971ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவை ஆரம்பித்தவர். பெயர்தான் மகாவிஷ்ணு, சத்தம் நரசிம்மம். ராக், ஜாஸ் இரண்டையும் மின்சாரத்தில் போட்டு வறுத்த இசை. ரசிகர்கள் அரங்கங்களை நிரப்பினார்கள். அந்தப் புகழின் நடுவில் இந்த மனிதர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ்.ராமநாதனிடம் போய் வீணை கற்றுக்கொண்டார். பிறகு ஆம்ப்ளிஃபயரையெல்லாம் ஓரம்கட்டிவிட்டு, சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, ராம்நாடு ராகவன் மிருதங்கம், டி.எச்.விநாயக்ராம் கடம்.

கடம்! மண்பானை! நம் கச்சேரிகளில் கடத்துக்கு என்ன இடம்? மிருதங்கக்காரர் மனசு வைத்துத் தனி ஆவர்த்தனத்தில் விட்டுக்கொடுக்கிற சில நிமிஷங்கள். போஸ்டரில் பெயர் கடைசியில், அதுவும் இடம் இருந்தால். அந்த வாத்தியத்தைத் தூக்கிக் கிடாருக்குச் சமமாக முன்வரிசையில் வைத்தது சக்தி.

அந்தக் குழுவின் முதல் ஆல்பமே மேடைப் பதிவுதான். 1975 ஜூலை 5ந் தேதி, நியூயார்க் பக்கம் சவுதாம்ப்டன் கல்லூரியில் வாசித்தது. 1976ல் வெளிவந்தது. அப்புறம் ஸ்டுடியோவில் இரண்டு, அதோடு கடையைச் சாத்தியாகிவிட்டது. மகாவிஷ்ணுவின் இடிமுழக்கத்துக்குக் காசு கொடுத்துப் பழகிய கூட்டம் மண்பானைக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. இருபது வருஷம் கழித்து 1997ல் 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபடி கூடினார்கள். அதில் வந்தவர்தான் நம் மாண்டலின் ஸ்ரீனிவாஸ். அப்பாவின் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். அந்தக் காலத்தில் வந்த ஆல்பங்களும் மேடைதான். 2000ல் 'தி பிலீவர்' மேடை. 2001ல் 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' மேடை.

ஆக, மேடைப் பதிவு என்பது இவர்களுக்கு வயதான காலத்தில் கிடைத்த ஓய்வூதியம் இல்லை. பிழைப்பே அதுதான்.

அதோடு 2023ல் வந்த 'திஸ் மொமென்ட்' ஸ்டுடியோ ஆல்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது பெருந்தொற்றுக் காலத்தில் உருவானது. ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, அவரவர் பங்கை வாசித்து அனுப்பி ஒட்டவைத்தது. நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குத்தான் 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. ஆனால் ஒருவர் வாசிப்பதைப் பார்த்து இன்னொருவர் சிரிக்கிற சத்தம் அதில் வராது. கணக்கை முடித்துவிட்டு ஜாகிர் செல்வகணேஷைப் பார்க்கிற அந்த அரை நொடி வராது. மேடைப் பதிவில் அது இருக்கிறது. ஒருத்தர் வேண்டுமென்றே ஒரு தட்டு தள்ளிப் போட, மற்றவர் அதைப் பிடித்துக்கொள்கிற இடம் காதில் விழுகிறது. 1975 பதிவில் இருக்கிற மெக்லாக்லின் ஒரு குதிரை. விரல் ஓடுகிற வேகத்தில் ராகமே சில இடத்தில் பின்தங்கிவிடும். 2023ல் அவர் நிறுத்துகிறார், காத்திருக்கிறார், விட்டுக்கொடுக்கிறார். கையில் மூட்டுவாதம் வந்து, 2017ல் அமெரிக்காவில் விடைபெறும் சுற்றுப்பயணமே போனவர் இவர். வேகம் குறைந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னால், ஆமாம். அந்தக் குறைந்த வேகத்தில்தான் எனக்கு முதல்முறையாக அவர் வாசிப்பது வீணை ஆசிரியர் வீட்டில் கற்றது என்று புரிந்தது.

அதில் 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' என்று ஒன்று இருக்கிறது. 2014 செப்டம்பரில் 45 வயதில் சென்னையில் போய்ச் சேர்ந்தாரே ஸ்ரீனிவாஸ், அவருக்காக. செத்துப்போன சின்னவனுக்கு உயிரோடு இருக்கிற பெரியவர் மேடையில் வாசிக்கிறார். அதைத் தபேலாவில் தாங்கிப் பிடிக்கிற ஜாகிர் உசேன் அடுத்த வருஷமே, 2024 டிசம்பர் 15ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார். 73 வயது. நண்பனுடைய யோசனைப்படி இவர்கள் எல்லோரும் 2020லேயே வீட்டில் உட்கார்ந்திருந்தால், இந்த ஐந்து பேரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்த ஒரு ஆல்பம் உலகத்தில் இருந்திருக்காது. மேடையில் யாரோ ஒரு சவுண்ட் இன்ஜினியர் ராத்திரிக்கு ராத்திரி ரெக்கார்டு பட்டனை அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

சரி, இந்த ஆல்பம் வந்தபோது நாம் என்ன செய்தோம்? 2024ல் கிராமி வந்தபோது "இந்தியர்களுக்குப் பெருமை", "தமிழர் சாதனை" என்று கொட்டை எழுத்து. மேடையேறிப் பரிசு வாங்கின போட்டோ. 2026 கிராமிக்கு இந்த மேடைப் பதிவும் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. பரிசு கிடைக்கவில்லை. நான் படிக்கிற பத்திரிகைகளில் உட்கார்ந்து கேட்டு எழுதிய ஒரு பத்தியை நான் பார்க்கவில்லை. பரிசு வந்தால் சாதனை, வராவிட்டால் அப்படி ஒரு ஆல்பமே இல்லை. விநாயக்ராம் 1992லேயே 'பிளானெட் ட்ரம்' ஆல்பத்தில் வாசித்து கிராமி பெற்ற கூட்டத்தில் ஒருவர். அந்த ஆல்பத்தை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். ஜாகிர் உசேன் இறந்த மறுநாள் நானும் ஒரு அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். அதை எழுதி அனுப்பிய பிறகுதான் அவருடைய தட்டுகளைத் தேடிப் பிடித்துக் கேட்க ஆரம்பித்தேன். என் யோக்கியதையும் அவ்வளவுதான்.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம். ஒரு இயந்திரம் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் பத்து சதவிகிதமோ பதினைந்து சதவிகிதமோ கழித்துக்கொண்டே வரவேண்டும். நாள் ஆக ஆகக் கணக்குப் புத்தகத்தில் அதற்கு மதிப்பே இல்லாமல் போய்விடும், ஃபாக்டரியில் அது ஓடிக்கொண்டிருந்தாலும். நாம் கலைஞர்களுக்கு வைத்திருக்கிற கணக்கு இதுதான். நாற்பதில் ஏற்றுகிறோம், ஐம்பதில் கழிக்க ஆரம்பிக்கிறோம், எழுபதில் காயலான் கடை விலை. இறந்த அன்றைக்கு மட்டும் திடீரென்று 'குட்வில்' என்று ஒரு பெரிய தொகை வரவில் ஏறுகிறது. ஈடு செய்ய முடியாத இழப்பு! ஈடு செய்ய முடியாது என்று அவர் இருக்கும்போதே தெரியாதா?

மெக்லாக்லினுக்காக நான் இவ்வளவு கத்தவில்லை. அவருக்கு என் தயவு தேவையில்லை. கதை செல்லிப்பட்டில்தான் இருக்கிறது.

திதி முடிந்து, சாப்பாடு முடிந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நண்பனின் அண்ணன் மகள், காலேஜில் படிக்கிறவள், "தாத்தா வாசிச்சது ஏதாவது கேக்கணும்" என்றாள். நியாயமான ஆசை. ஐம்பது வருஷம் வாசித்த மனிதர், ஏதாவது இல்லாமலா போகும்? வீட்டில் தேட ஆரம்பித்தார்கள். பீரோ மேலிருந்து ஒரு கல்யாண டி.வி.டி. வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்று. அத்தை தன் மகள் கல்யாணக் கேஸட்டை இருபது வருஷத்துக்கு முன்னாலேயே சி.டி.யாக மாற்றி வைத்திருந்தார். மூன்றிலும் பெரியப்பா வாசித்திருக்கிறார்.

முதல் டி.வி.டி.யைப் போட்டோம். மாப்பிள்ளை அழைப்பு. பெரியப்பா முன்னால் வருகிறார். பட்டு வேஷ்டி, கழுத்தில் உத்திராட்சம், கன்னம் இரண்டும் புடைத்து நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எதையோ இழைக்கிறார் என்று விரலைப் பார்த்தால் தெரிகிறது. சத்தம்? ஒரு சினிமாப் பாட்டு. வீடியோ எடுத்தவர், நிஜமான சத்தத்தை வழித்துப் போட்டுவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஒட்டியிருக்கிறார். இரண்டாவது டி.வி.டி.யிலும் அப்படியே, தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கும் சினிமாப் பாட்டு. மூன்றாவதில் பாட்டுக்கூட இல்லை. ஏதோ கீபோர்டில் வாசித்த மியூசிக், ரோஜாப்பூ சுற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். நண்பன்தான் முணுமுணுத்தான். "எல்லாத்துலயும் மேலே பாட்டுப் போட்டுட்டாங்கடா."

கடைசியில் ஒருத்தர் போனில் ஒரு கோயில் திருவிழா வீடியோ கிடைத்தது. நாலு நிமிஷம். மல்லாரி. ஆனால் பாதி நேரம் எடுத்தவர் யாரோடோ டிபன் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஐம்பது வருஷ வாசிப்பில் மிச்சம் அந்த நாலு நிமிஷம், அதிலும் இரண்டு நிமிஷம் பொங்கல் வடை.

இதற்கு யாரைக் குறை சொல்வது? வீடியோக்காரரையா? அவர் வாடிக்கையாளர் கேட்டதைச் செய்தார். உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைப் போய் எடுத்துப் பாருங்கள். நாதஸ்வரத்துக்கு முன்பணம் கொடுத்துக் கூப்பிட்டீர்கள். வந்து நாலு மணி நேரம் வாசித்தார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். வீடியோவில் அதையும் அழித்தாயிற்று. சென்னை சபாக்களைக் கேட்டால் "நாங்கள் மரியாதை கொடுக்கிறோமே" என்பார்கள். என்ன மரியாதை? தொடக்க விழாவில் மங்கள இசை. பந்தலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசிப்பதற்குப் பெயர் மரியாதை.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955ல் ஆரம்பித்தது. தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற சைவ ஓலைச்சுவடிகளை 2005ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள், கும்பிட வேண்டும். கல் பத்திரமாக இருக்கிறது, ஓலை பத்திரமாக இருக்கிறது. அதே கோயில் வாசலில் ஐம்பது வருஷம் நின்று வாசித்த மனிதரின் மூச்சுக்குப் படம் எடுக்க வேண்டியது யார்? அதற்கும் பாரிஸிலிருந்து ஆள் வரவேண்டுமா?

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956ல் காலமானார். அவருடைய தோடியைப் பற்றி இன்றைக்கும் நாம் சண்டை போட முடிகிறது என்றால், கிராமபோன்காரன் ஒருத்தன் காசு வரும் என்று நம்பிப் பதிவு செய்ததால்தான். காருகுறிச்சி அருணாசலம் 1964ல் போனார். பொதுஜனத்துக்கு இன்றைக்கும் அவர் தெரிகிறார் என்றால், 1962ல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்கு வாசித்ததால்தான். பதிவு இருந்தவர்கள் பிழைத்தார்கள். இல்லாதவர்கள், அவர்கள் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், "எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தார், அடாடா" என்ற வாக்கியத்தோடு முடிந்தார்கள். 'அடாடா'வைக் கேட்க முடியாது சார்.

அப்போதெல்லாம் பதிவு செய்வது பெரிய செலவு. இப்போது என்ன செலவு? சக்தி மாதிரிக் குழுக்கள் மேடையேறும்போது ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக மிக்ஸருக்கு வருகிறது. டிஜிட்டல் மிக்ஸரிலிருந்து ஒரு வயரை ஹார்டு டிஸ்க்கில் சொருகினால் முழுக் கச்சேரியும் தனித்தனித் தடமாக ஏறிவிடும். உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருகிற சவுண்ட் சர்வீஸ்காரரிடமே இன்றைக்கு அப்படிப்பட்ட மிக்ஸர் இருந்தாலும் இருக்கும். கேட்டுப் பாருங்கள். அதுவும் வேண்டாம், பையில் வைக்கிற ரெக்கார்டர் ஒன்று போதும். போன் என்றால் ஒரு எச்சரிக்கை. நாதஸ்வரம் சத்தமான வாத்தியம், பக்கத்தில் வைத்தால் கிழிந்துபோய்த்தான் வரும். பத்துப் பதினைந்து அடி தள்ளி வையுங்கள், அணசுக்கு நேராக வைக்காதீர்கள், வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். மூன்றாவது யோசனைதான் கஷ்டம்.

அறங்காவலர் குழுக்களுக்கு ஒரு கேள்வி. கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்க வசூல் செய்கிறீர்கள். உபயதாரர் பெயரை ட்யூப்லைட்டில்கூட எழுதுகிறீர்கள். உங்கள் கோயிலில் வாசிக்கிற வயதான வித்வானை ஒரு மாலை உட்காரவைத்து, சம்பாவனை கொடுத்து, எந்தக் காலத்துக்கு என்ன ராகம், புறப்பாட்டுக்கு எது, தேரடியில் எது என்று வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்? ஒரு வாணவேடிக்கைச் செலவு ஆகுமா? வில்லியனூர்த் தேருக்கு பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்ததைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தத் தேருக்கு முன்னால் அன்றைக்கு வாசித்தவர் யார் என்று கேட்டால் யாராவது சொல்வார்களா?

"எழுபது வயசுல மூச்சு நிக்குமா, சரியா வருமா" என்று மறுபடி ஆரம்பிப்பீர்கள். வராது. இருபத்தைந்து வயதில் வாசித்த மாதிரி வராது. ஆனால் இருபத்தைந்து வயதில் நீங்கள் பதிவு செய்யவில்லையே? உங்களுக்குக் கிடைப்பது இதுதான். இதுவும் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்.

சாயங்காலம் கிளம்பும்போது நண்பன் வண்டியை எடுக்கவில்லை. "பெரியப்பாவோட தவில் வாசிச்சவரு இருக்காருடா, ரெண்டு தெரு தள்ளி. பாத்துட்டுப் போலாம்" என்றான். போனோம். எழுபது தாண்டியவர். வாசிப்பதை விட்டுச் சில வருஷம் ஆகிறது. தவில் மூலையில் உறையோடு இருந்தது. நண்பன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். பெரியப்பாவிடம் கற்ற பையன் ஒருத்தன் பக்கத்து ஊரில் இருக்கிறான், அவனை நாதஸ்வரத்தோடு வரச் சொல்கிறோம், நீங்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், பெரியப்பாவோடு வாசித்ததையெல்லாம், நாங்கள் ரெக்கார்டு பண்ணிக்கொள்கிறோம்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே பார்த்து, விரலுக்குப் போடுகிற கூடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். மருமகள் ஒரு பழைய டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து ஒவ்வொன்றாக விரலில் மாட்டிப் பார்த்தார். இரண்டு பொருந்தவில்லை, விரல் மெலிந்திருந்தது. புதுசாகச் செய்துகொள்ள வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் தம்பி, இதுலயும் மேல பாட்டுப் போட்டுருவீங்களா?"